பூந்தமல்லிப் பெண்ணும் ஜப்பான் சமையலறையும்

இந்த வாரம் ஒரு தாயாரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பூந்தமல்லியில் வசிப்பவர், தெருவில் எல்லோரும் பாயம்மா என்றே மரியாதையாக அழைப்பார்கள். அவருடைய மாப்பிள்ளைக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. மகளையும் இரண்டு பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போகிறாராம். "அங்கே பாங்கு சத்தம் உண்டா? ஹலால் கறி கிடைக்குமா? பிள்ளைகள் மார்க்கத்தோடு வளருமா? அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

முன்பெல்லாம் இந்த விசாரம் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இருந்ததில்லை. கடல் கடந்து போவதென்றால் துபாய், சவூதி, குவைத்து. அங்கே பாங்குக்குப் பஞ்சமில்லை. கறிக்கடையில் கேள்வி கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் இப்போது காலம் திசை மாறியிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வரையில் போய்ப் பாருங்கள். ஜப்பானியப் பெயர்ப் பலகைகள் எத்தனை! ஒரகடத்தில் நிஸ்ஸானும் ரெனோவும் கூட்டாகக் கட்டிய மோட்டார் தொழிற்சாலை 2010-ஆம் வருஷம் திறக்கப்பட்டது. இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பழகிய பையன்கள் ஜப்பானுக்கே போய் வேலை பார்க்கிறார்கள். 2021 ஜனவரியில் இரண்டு சர்க்காரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் மோட்டார், கணிப்பொறி என்று படித்தவர்கள் மட்டுமல்ல, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும்கூட இங்கிருந்து போக வழி ஏற்பட்டது. ஆகவே பாயம்மாவின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. அம்பத்தூரிலும் ஆவடியிலும் இதையே மனத்துக்குள் வைத்துக்கொண்டு புழுங்குகிற தாய்மார்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

முதலில் ஒரு சின்ன ஆறுதல். தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று மகள் அங்கே போய்த் திண்டாட வேண்டியதில்லை. பூந்தமல்லியில் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே ஒதுங்கி நின்றால் மக்காவை நோக்கி நிற்கிறோம். டோக்கியோவில்? மேற்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கே! ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப் போயும், முசல்லாவைத் திருப்ப வேண்டியது ஐந்தே பாகைதான். வேடிக்கையாக இல்லையா?

ஆனால் பாங்கு சத்தம்? இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல்கள் இருக்கின்றன, வீதி முழுவதும் கேட்கும்படி பாங்கு சொல்வது அரிது. நம் பூந்தமல்லியின் சங்கதியே வேறு. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்திலேயே, பதினேழாம் நூற்றாண்டில், பள்ளிவாசல் எழும்பிவிட்ட ஊர் இது. இங்கே நேரம் தவறினால் தெருவே ஞாபகப்படுத்தும். கறிக்கடைக்காரர் ஹலாலைப் பார்த்துக்கொள்வார். நோன்பு மாதம் வந்தால் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு ஓடும் குழந்தைகள் அதை அறிவித்துவிடுவார்கள். ஜப்பானில் தெரு செய்கிற காரியம் எல்லாம் வீட்டின்மேல் வந்து விழும். வீடு என்றால் யார்? மாப்பிள்ளை காலையில் போனால் இரவில்தான் திரும்புவார். ஆக, அத்தனையும் உங்கள் மகளின் தலையில்தான்!

எங்கே விழும் என்கிறீர்கள்? தொழுகையில் அல்ல. சமையலறையில்.

ஜப்பானியர் மீனும் சோறும் உண்கிறவர்கள்தானே, நமக்கென்ன கஷ்டம் என்று தோன்றும். மீனில் ஒன்றுமில்லை. மீனைக் கொதிக்க வைக்கிற சாற்றில்தான் இருக்கிறது வினை. மிரின் என்று ஓர் இனிப்புத் திரவம். அரிசியிலிருந்து எடுக்கிற ஒருவகை மதுதான் அது. நாம் தாளிப்பில் கறிவேப்பிலை போடுவதுபோல அவர்கள் குழம்பு, பொரியல், வறுவல் எல்லாவற்றிலும் விடுகிறார்கள். சாகே என்கிற அரிசி மதுவையும் சமையலுக்கு உபயோகிக்கிறார்கள். சோயாச் சாறு நொதிக்கும்போது தானாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகிறது. கெடாமல் இருக்கவென்று சில கம்பெனிகள் மேலும் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. இவற்றில் எது கூடும், எது கூடாது என்பதில் ஆலிம்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது. அதில் தலையிட நான் யார்? உங்கள் குடும்பம் எவரிடம் கேட்டு நடக்கிறதோ அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கறி வாங்குவது இப்போது பெரிய சங்கடமல்ல. டோக்கியோவில் ஷின் ஓக்குபோ என்ற இடத்தில் ஹலால் கடைகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தே உண்டு. நம்மூர் மிளகாய்த்தூள், பருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். பிரேசிலிலிருந்து வரும் ஹலால் கோழியை ஜப்பானியரின் மலிவு விலைக் கடைகளிலேயே பனிக்கட்டிப் பெட்டிக்குள் பார்க்கலாம். ஆகையால் பிரியாணி செய்வது எளிது. குழந்தைக்கு ஒரு ரொட்டித் துண்டு வாங்குவதுதான் கஷ்டம்!

ஆம், ரொட்டியேதான். அதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஷார்ட்டனிங் என்ற கொழுப்பு இருக்கும், அது தாவரத்திலிருந்து எடுத்ததா, பிராணியிலிருந்து எடுத்ததா என்பது தெரியாது. மிட்டாயில் ஜெலட்டின். உருளைக்கிழங்கு வறுவலில் மாமிசச் சாற்றின் பொடி. பொட்டலத்தின் பின்புறம் எறும்பு ஊர்ந்தாற்போல அச்சடித்திருக்கும் எழுத்துக்களுக்குள்தான் உங்கள் பேரப்பிள்ளைகளின் ஆகாரம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஜப்பானுக்குப் போன பெண்கள் கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் பின்புறத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தருகிறது, வாஸ்தவம். ஆனால் "தாவர எண்ணெயா, பிராணிக் கொழுப்பா?" என்று பொட்டலத்திலேயே எழுதாதபோது அது என்ன செய்யும்? அப்போது பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் கம்பெனியின் டெலிபோன் நம்பருக்குப் பேசிக் கேட்க வேண்டும். எதிரே பேசுகிற பெண்மணி அநேகமாகப் பொறுமையாக விசாரித்துச் சொல்வாள். ஆனால் ஜப்பானிய மொழியில் சொல்வாள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் கடினமான இடம் அதுதான். ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் மத்தியானச் சாப்பாடு என்பது ஒரு பாடம் மாதிரி. நம் சத்துணவு போல அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது, 1954-ல் வந்தது. குழந்தைகளே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, முறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். வகுப்பிலேயே உட்கார்ந்து எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். எல்லோரும் ஒன்று என்பதுதான் அதன் அழகு. நம் குழந்தைக்குச் சங்கடமும் அதுவேதான்! மற்றவர்கள் எல்லோரும் ஒன்றைச் சாப்பிட, ஒரு குழந்தை மட்டும் வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் திறக்க வேண்டும்.

தாய்மார்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் சாப்பாட்டுப் பட்டியலை வீட்டுக்கு அனுப்பிவிடும். செவ்வாய்க்கிழமை பன்றிக்கறி போட்ட குழம்பு என்றிருந்தால், அன்று தாயார் கோழிக்கறி போட்டு, அதே நிறத்தில், அதே போன்ற காய்களை நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்து அனுப்புகிறாள். பக்கத்துக் குழந்தையின் தட்டும் தன் டப்பாவும் ஒன்றுபோல் இருந்தால் பிள்ளை கூச்சப்படாமல் சாப்பிடுமல்லவா? விடியற்காலையில் எழுந்து, பன்றிக்கறியே இல்லாமல் பன்றிக்கறிக் குழம்பைப் போல ஒன்றைச் செய்கிற அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்! இதற்கு ஈடான வேலை அவள் கணவன் தொழிற்சாலையில் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இதிலே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பள்ளிகளுக்கு அலர்ஜி என்றால் நன்றாகப் புரியும். முட்டை ஆகாத குழந்தைக்கு முட்டையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதில் வெகு ஜாக்கிரதையாக இருப்பார்கள். மதம் விலக்கிய உணவு என்றால் பல பள்ளிகளுக்கு அது புதிது. ஆகவே, "அலர்ஜி என்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், வம்பில்லை" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம்! தன் மார்க்கம் ஒரு வியாதி என்று குழந்தை நினைத்துவிடக் கூடாது. இன்னது சாப்பிடமாட்டோம், இன்ன காரணம், குழம்பை மட்டும் விட்டுவிட்டுச் சோறும் பாலும் பழமும் கொடுத்தால் போதும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் வழி செய்கிறார்கள். ஜப்பானியருக்கு ஒழுங்கு பிடிக்கும். திடீரென்று அன்றைக்குப் போய் நின்றால்தான் பிடிக்காது.

நோன்பு எப்படி? அதுவும் பருவத்தைப் பொறுத்தது. பூந்தமல்லியில் கோடைக்கும் குளிருக்கும் பகல் பொழுது அதிகம் மாறுவதில்லை. டோக்கியோவில் ஜூன் மாதம் ராத்திரி இரண்டரை மணிக்கே ஸஹரை முடித்துவிட வேண்டியிருக்கும். நோன்பு திறக்க ஏழு மணி. பதினாறு மணி நேரத்துக்கு மேல்! 2016, 2017-ல் அங்கிருந்தவர்கள் இப்படித்தான் நோன்பிருந்தார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிடும். ரமலான் இப்போது குளிர்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என்று ஒரே வருஷத்தில் இரு முறை வரப்போகிறது. ஆகவே உங்கள் மகள் போகிற காலம் சுலபமான காலம்தான்.

ஜப்பானுக்கும் நமக்கும் மூன்றரை மணி வித்தியாசம். மார்ச் மாதத் தொடக்கத்தில் மகள் அங்கே பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்போது இங்கே பகல் இரண்டு மணி. நீங்கள் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருப்பீர்கள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அந்த நேரத்தில் இங்கே என்ன பலகாரம் என்று மட்டும் விஸ்தாரமாகச் சொல்லாதீர்கள். பெருநாளும் அங்கே விடுமுறை அல்ல. வேலை நாளில் வந்தால் மாப்பிள்ளை லீவு கேட்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

எல்லாமே கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பை வாசலில் கழற்றாமல் யாரும் ஜப்பானிய வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். தரையில் முசல்லா விரிக்கத் தயங்க வேண்டியதில்லை. சுத்தத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மேல்நாடுகளுக்குப் போகிறவர்கள் படும் பாடு அங்கே கிடையாது. தண்ணீர் பீய்ச்சும் கழிப்பறை இருக்கையை 1980-லிருந்தே டோட்டோ கம்பெனி விற்று, இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆண்கள் ஆபீஸ் கைகழுவும் தொட்டியில் ஒளுவுக்காகக் காலைத் தூக்கி வைக்கும்போதுதான் பக்கத்தில் நிற்பவர் சற்றுத் திகைத்துப் போகிறாராம்!

நாம்தான் முதன்முதலில் போகிறோம் என்றும் எண்ண வேண்டாம். போபாலில் பிறந்த மௌலவி பரக்கத்துல்லா 1909-லேயே டோக்கியோவுக்குப் போய் உருது கற்றுக்கொடுத்தவர். சுதந்திரப் போராட்ட வீரர். கோபே துறைமுகத்தில் 1935-ல் ஜப்பானின் முதல் பள்ளிவாசல் எழுந்ததற்கு அங்கே வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்களின் பணமும் முயற்சியும் முக்கியமான காரணம். 1945-ல் குண்டு வீச்சில் ஊர் எரிந்தபோதும், 1995-ல் பூகம்பத்தில் சுற்றுப்புறம் இடிந்தபோதும் அந்தக் கட்டடம் நின்றது. இன்றும் தொழுகை நடக்கிறது. டோக்கியோவின் பள்ளிவாசல் 1938-ல் கட்டப்பட்டது. பழுதானதால் 1986-ல் இடித்து, துருக்கியர் பாணியில் மீண்டும் கட்டி 2000-த்தில் திறந்தார்கள். வாசேதா பல்கலைக்கழகத்தின் தனாதா என்ற பேராசிரியர் எண்ணிப் பார்த்திருக்கிறார்: 1999-ல் ஜப்பான் முழுவதிலும் 15 பள்ளிவாசல், 2021-ல் 113. முஸ்லிம்கள் அப்போது சுமார் 2,30,000 பேர்.

பெண்களுக்கு இதில் ஒரு புது அனுபவமும் உண்டு. நம் பக்கத்தில் அநேகப் பெண்கள் தங்கள் தெருப் பள்ளிவாசலின் உட்புறத்தைக் கண்டதே இல்லை. டோக்கியோ பள்ளிவாசலில் பெண்கள் தொழ மாடம் இருக்கிறது. வார இறுதியில் குடும்பத்தோடு போகிறார்கள். இந்தோனேசியாக்காரி, பாகிஸ்தான்காரி, இஸ்லாத்தைத் தழுவிய ஜப்பானியப் பெண் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தக் கம்பெனி பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். சமையலறை ஆராய்ச்சி அங்கேயும்தான்!

பாயம்மா ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தாய் வாயால் கேட்கக் கூடாத கேள்வி. என்றாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அங்கே யாருக்காவது ஆயுள் முடிந்துவிட்டால்?

ஜப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் தகனம்தான். புதைப்பதை 1948-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உள்ளூர் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், இடம் வேண்டும். யாமநாசி மாகாணத்தில் ஒரு புத்த ஆலயம் தன் மயானத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம்களுக்கு 1960-களிலேயே இடம் கொடுத்தது. இப்படிச் சில இடங்கள் உண்டு. தெற்கே க்யூஷூ தீவில் இருப்பவர்களுக்கோ அவை வெகு தூரம். அங்கே பெப்பு நகரத்து முஸ்லிம்கள் பக்கத்தில் ஹிஜி என்ற சிற்றூரில் கபர்ஸ்தானுக்காகப் பல வருஷமாக முயன்றார்கள். எங்கள் குடிநீர் கெடும் என்று ஊரார் சிலர் எதிர்த்தார்கள். அதே ஊரில் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று உண்டு, அவர்களும் புதைப்பவர்களே. பேசிப் பேசி 2023-ல் உடன்பாடு நெருங்கியது. 2024-ல் நடந்த தேர்தலில் எதிர்த்தவர் ஊர்த் தலைவராக வந்தார். நகராட்சி நிலத்தை விற்பதற்கில்லை என்றுவிட்டார்.

ஊராரைத் திட்ட எனக்கு மனமில்லை. தண்ணீர் என்றால் பயம் எங்கேயும் உண்டு. நம் ஏரிக்கரையில் யாராவது ஒன்றைக் கட்டினால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது கதை. அங்கேயே வேர் விடப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊருக்கு அருகில் பள்ளிவாசல் எது, அதன் ஜமாஅத்துக்கு மயானம் எங்கே என்பதை மாப்பிள்ளை போனவுடன் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடட்டும். எழுதி வைத்தால் ஒன்றும் நேர்ந்துவிடாது.

ஆகவே அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள் என்பேன். ஆனால் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளைக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கக் கம்பெனி செலவழிக்கிறது. மகளுக்கு நீங்கள் என்ன தயார் செய்திருக்கிறீர்கள்? இரண்டு கிலோ ஊறுகாயும் இடித்த மசாலாவும்தானே? ஆபீஸில் இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறவனுக்கு மொழி; பொட்டலம் படித்து, வாத்தியாரம்மாவிடம் பேசி, டாக்டரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியவளுக்கு ஊறுகாய்! இது என்ன நியாயம்?

பயப்படும்படி அதில் ஒன்றுமில்லை. ஜப்பானியருக்கு எழுத்து மூன்று வகை. முதல் இரண்டிலும் அடிப்படை எழுத்துக்கள் 46, 46. 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே மனனம் செய்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமா? மூன்றாவது சீன எழுத்து. பத்திரிகை படிக்க இரண்டாயிரத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஆனால் பொட்டலம் படிக்க அத்தனை வேண்டாம். அந்நியச் சொற்களை எழுதுவதற்கென்றே ஒரு வகை எழுத்து வைத்திருக்கிறார்கள். கதகானா என்று பெயர். ஜெலட்டின், ஷார்ட்டனிங், ஹாம், பேக்கன், பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் லார்டு எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கும். மிரினை அநேகமாக ஹிரகானா என்ற இன்னொரு எழுத்தில் போடுவார்கள். பன்றி, மது, பிராணி, தாவரம் போன்ற பத்துப் பன்னிரண்டு சீன எழுத்துக்களை ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டால், அரிசி வேகும் நேரத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

சென்னையிலேயே ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் பரீட்சை இங்கேயே நடக்கிறது. ஐந்து படிகளில் கீழ்ப்படிக்கு என்-5 என்று பெயர். விமான டிக்கெட் வாங்குமுன் உங்கள் மகளை அதில் சேர்த்துவிடுங்கள். அவள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பூந்தமல்லியில் பாட்டி இருக்கிறாரே!